யார் கண்ணால் காண்பது?

எதை எழுதுவது என்று முடிவு செய்துகொண்ட கதாசிரியன், அதை யார் கண்ணால் காண்பது, யார் வாயால் சொல்வது என்றும் முடிவு செய்தாக வேண்டும். இந்த இரண்டாவது முடிவை உத்தியின் பாற்பட்ட சிறு விஷயமென்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். கதையில் எவனுடைய பசி தெரியும், எவனுடைய பசி மறையும் என்பதை நிர்ணயிப்பதே அம்முடிவுதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகமும், அதனை அடுத்து விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவும் முந்நூறு ஆண்டுகளில் உலகுக்கு அளித்த கதைகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே போதும்.

புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலேய வணிகக் கப்பலொன்று, புதிய மரம் பொருத்திக்கொள்ளும் பொருட்டுக் கொட்டியாரத்தில் நங்கூரமிட்டது. 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை அடுத்த ஆண்டே மாண்டார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் தமது நூலை வெளியிட்டார்.

அந்நூலின் சிறப்பு அதன் 'நான்' என்னும் குரலில் இருக்கிறது. தூதனாக வந்திருந்தால் அரண்மனையை மட்டும் கண்டிருப்பார். கைதியாகக் கிராமங்களில் விடப்பட்டமையால், தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்தார். ஏரையும் வயலையும் குடியானவனின் உணவையும் அருகிருந்து கண்டார். பின்னாளில் டானியல் டீபோ 1720இல் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் வரலாறு சுருக்கமாக இடம்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த 'றொபின்சன் குரூசோ' தனித்து நின்ற கடலோடி ஒருவன் தன் கதையைத் தானே கூறும் நாவல். கடல் வணிகத்தோடு வளர்ந்த ஒரு வர்க்கம் தன் வரலாற்றைத் தன் வாயால் சொல்லக் கற்றுக்கொண்ட காலம் அது. அந்தக் குரல் உருவான வழியில் கொட்டியாரக் கரையும் ஒரு தங்குமிடம். ஆயின், அக்கரையில் வலை வீசியவனும் வயல் உழுதவனும் அந்த நூலில் காணப்படுபவர்களேயன்றிப் பேசுபவர்கள் அல்லர்.

தமிழ் நாவலும் 'நான்' என்றே தொடங்கிற்று. 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' கதாநாயகன் தானே கூறும் கதை. ஆனால் அந்த 'நான்' செல்வக் குடியிற் பிறந்தவனின் 'நான்'. தன்மையிடத்தில் கதை சொன்னால் உண்மை தானாக வந்துவிடும் என்று நம்புவோர் இதனைக் கவனிக்க வேண்டும். வாய் எவனுடையது என்பதைப் பொறுத்தே வார்த்தையின் எல்லை அமைகிறது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1895இல், திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யைச் சென்னையில் வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராயிருந்த அவருடைய இந்நூலையே தமிழின் முதல் வரலாற்று நாவலென்று ஆய்வாளர் போற்றுவர். சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை அரசகுமாரி மோகனாங்கிக்கும் இடையிலான காதலே அதன் பொருள். திருச்சியையும் தஞ்சையையும், காதலையும் போரையும் ஒரு கதையில் அடக்க விரும்புவோனுக்கு எல்லாம் அறிந்த படர்க்கைக் கூற்றே வசதியானது. ஒரு பாத்திரத்தின் கண்ணோடு கட்டுண்டால் இரண்டு அரண்மனைகளுக்குள்ளும் ஒருங்கே நுழைய முடியாதன்றோ?

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சொக்கநாதர் ஆட்சிக்கு வந்தது 1659இல். நொக்ஸ் கொட்டியாரத்தில் பிடிபட்டது 1660இல். அதே காலம். தம் ஊர்க் கடலோரத்தில் நிகழ்ந்த வரலாற்றை விட்டு, கடல் கடந்த அரசவையைச் சரவணமுத்துப்பிள்ளை தேர்ந்தார். இதனை அவர்மீது குற்றமாக நாம் சுமத்தவில்லை. 1892இலேயே 'தத்தைவிடு தூது' பாடிப் பெண் விடுதலைக்குக் குரல் கொடுத்த மனிதர் அவர். அரசகுடியே வரலாறு என்று கருதிய காலம் அவருக்கு அளித்த நோக்கு அது. நாவல் என்ற புதிய வடிவம் வந்துவிட்டது. அதற்குள் புகவேண்டிய மனிதன் இன்னும் வாசலிலேயே நின்றான்.

வாசல் திறந்த நிகழ்ச்சிகளில் ஒன்றைத் தமிழகத்தில் காண்கிறோம். அ. மாதவையா 1903இல் வெளியிட்ட 'முத்துமீனாட்சி' பிராமணப் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. குழந்தை மணத்தின் கொடுமையைப் படர்க்கையில் சொல்லியிருந்தால் வாசகர் இரங்கியிருப்பர். அவள் வாயாலேயே கேட்டபோது அவளுக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு வந்து சேர்ந்தது. இரக்கத்துக்கும் கடமைக்கும் உள்ள தூரத்தைக் கடப்பதற்கு நோக்குநிலை ஒரு பாலமாயிற்று.

கொட்டியாரக் கரையில் அந்தப் பாலத்தை அமைத்தவர் மூதூரிற் பிறந்த வ. அ. இராசரத்தினம். 1962இல் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அவருடைய தொகுதிக்குத் 'தோணி' என்று பெயர். அப்பெயருடைய கதை, சொந்தமாக ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் மீனவ இளைஞனைப் பற்றியது. கரையில் நின்று பொழுது போக்குவோனுக்குத் தோணி ஒரு காட்சி. கடலை நம்பி வாழ்வோனுக்கு அது உழைப்புக் கருவி, உரிமை, மணவாழ்வு, மானம். பொருள் ஒன்றே. பார்ப்பவன் மாறியதும் அதன் எடை மாறிவிடுகிறது. நொக்ஸின் கப்பல் நின்ற அதே குடாவில், பார்க்கப்பட்டவன் பார்ப்பவனாக எழுந்து நிற்க முந்நூறு ஆண்டுகள் ஆயின.

இன்னும் எழுதப்படாதவை எத்தனை! 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையையும் சீனன்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. கப்பல்களின் பெயரும் தளபதிகளின் திட்டமும் யுத்த வரலாறுகளில் விரிவாக உள்ளன. டொக்யாட்டில் மூட்டை சுமந்த நாட்டாமைக்கு அந்தக் காலை எப்படி விடிந்தது? 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றபோது, அத்தளத்தையே நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பு எப்படி எரிந்தது?

இவற்றை எழுத முன்வருவோர் ஓர் ஒழுங்கை ஏற்க வேண்டும். ஒருவனுடைய கண்ணை இரவல் வாங்கினால் அவனுடைய அறியாமையையும் சேர்த்தே வாங்க வேண்டும். குண்டு விழுந்த வேளையில் நாட்டாமைக்கு எதிரிக் கப்பலின் பெயர் தெரியாது. ஓடவேண்டிய திசையும், வாங்காத கூலியும், வீட்டில் விட்டுவந்த பிள்ளையும் தெரியும். அவன் வாயில் நம் புத்தகப் படிப்பைத் திணித்து மேடைப் பேச்சுப் பேசவைப்பது, அவனைப் பேசவிடாமல் தடுப்பதற்குச் சமம். அவனைப் பற்றி எழுதியாயிற்று என்று நிறைவடைவதும் போதாது. அவன் கண்ட துறைமுகத்தை அவன் நின்ற இடத்திலிருந்தே காட்டும் நாவல் வருமாயின், நொக்ஸின் நூலுக்குக் கொட்டியாரக் கரை அளிக்கும் மறுமொழியாகவும் அது அமையும்.