பகாசுரனின் ஒப்பந்தம்

ஒரு வண்டி சோறு. வண்டியை இழுக்க இரண்டு எருமைக் கடா. ஓட்டி வர ஓர் ஆள். சோறு, கடா, ஆள் எல்லாமே சாப்பாட்டில் சேர்த்தி. இதற்குக் கைம்மாறாக வேறு எந்தப் பகையும் ஊரை அண்டாமல் பகாசுரன் பார்த்துக்கொள்வான். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் ஏகசக்கர நகரம் அவனோடு செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். பதுங்குவது, பாய்வது, துரத்துவது என்ற பாடெல்லாம் அவனுக்குக் கிடையாது. எந்த வீட்டு முறை எப்போது என்ற கணக்கை ஊரே வைத்துக்கொள்கிறது, உலையையும் ஊரே ஏற்றுகிறது. தப்பிக்க வழி பார்ப்பவனை மனைவி மக்களோடு சேர்த்துத் தின்றுவிடுவான் என்பதால் யாரும் வழி பார்ப்பதில்லை. நாட்டுக்கு அரசன் இல்லாமலில்லை. வேத்திரகீயம் என்ற ஊரில் இருக்கிறான். கையாலாகாதவன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கு என்றும் தீராத ஒரு வேலை உண்டு: மனிதனைத் தின்னக்கூடிய, மனிதனுக்குச் சமமான புத்தியுள்ள, ஆனால் மனிதனைப் போல யோசிக்காத ஓர் உயிரை வடிவமைப்பது. பல்லும் நகமும் யார் வேண்டுமானாலும் வரையலாம். புத்தியைக் காட்டுவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் அந்த மிருகத்துக்கு இரண்டு மந்திரம் கற்றுக்கொடுத்து, நான்கு வரி நக்கலாகப் பேசவைத்து, அதுதான் புத்தி என்று விட்டுவிடுவார்கள். பகாசுரனைப் படைத்தவர் யாரோ, அவர் வேறு பக்கமிருந்து யோசித்திருக்கிறார். வேட்டையாடும் சிரமத்தை இரையின் தலையிலேயே கட்டிவிட்டான் பாருங்கள், அதற்கு மேல் என்ன புத்தி வேண்டும்?

அவனுடைய பயங்கரம் அவன் குகையில் இல்லை, பாண்டவர்கள் தங்கியிருந்த அந்தணர் வீட்டில் இருக்கிறது. அன்று அவர்கள் முறை. யார் போவது என்று வீட்டுக்குள் விவாதம். நான் போகிறேன் என்கிறார் தகப்பன். நீங்கள் இல்லாமல் இந்தக் குழந்தைகளை நான் எப்படி வளர்ப்பேன், நானே போகிறேன் என்கிறாள் தாய். எப்படியும் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டியவள்தானே நான் என்கிறாள் மகள். பேச்சே சரியாக வராத சின்னப் பையன் ஒரு புல்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இதாலேயே அரக்கனைக் கொன்றுவிடுவேன் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுகிறார்கள். பகாசுரன் இன்னும் கதைக்குள் அடியெடுத்து வைக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தை உட்காரவைத்து ஆளுக்கொரு விலை போடச்செய்துவிட்டான்.

இந்த அரக்கன் இரண்டு திசையில் பயணம் போனான். ஒன்று தெற்கே. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சேர்ந்த வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாரதத்தைத் தமிழில் பாடியபோது, பகன் கதைக்கு வேத்திரகீயச் சருக்கம் என்றே ஒரு பகுதி அமைந்தது. திருமுனைப்பாடியின் பழைய தலைமையிடமான திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. வில்லிபாரதம் இங்கே ஏட்டோடு நின்றுவிடவில்லை. பழைய தென்னார்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கொடியேறினால் மதியத்தில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், அப்புறம் தீமிதி என்று நாள்கணக்கில் போகும் இந்தத் திருவிழாக்கள் பலவற்றில் பகாசுரன் வதத்துக்கும் ஓர் இடம் உண்டு. பீமன் வேடக்காரர் மாட்டு வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் வந்து விழும். அவர் தின்றுகொண்டே போவார்.

இதில் நான் திரும்பத் திரும்ப வியப்பது ஒன்று: பார்க்க வந்த ஊர், தானே ஏகசக்கரம் ஆகிவிடுகிறது. சோறு போட்ட வீட்டுக்காரி பார்வையாளர் இல்லை, முறை வந்த வீட்டுக்காரி. இரவுக் கூத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி, திரைக்குப் பின்னாலிருந்து குரலை மட்டும் முதலில் அனுப்பி, கட்டியங்காரன் “யாரப்பா நீ, எந்த ஊரு?” என்று சீண்டச் சீண்ட வேடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் முறையும் பகன் கதையைப் போலத்தான்: ஆள் வருவதற்கு முன்பே பயம் வந்துவிடும். அசுரனை ஒரே மூச்சில் காட்டிவிடக் கூடாது என்பது கூத்து வாத்தியார்களுக்கு எப்போதோ தெரியும்.

மேற்கே போன பயணம் வேடிக்கையானது. அங்கே போனவன் பகன் என்ற ஆள் இல்லை, அவன் சாதியான ராட்சசன். 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் அதற்குள் வேடம் கட்டுவார்கள், பகடை முடிவு சொல்லும். சொல்பவரின் பெயர் டன்ஜன் மாஸ்டர். கட்டியங்காரனும் வாத்தியாரும் ஒரே ஆளாக உட்கார்ந்தால் எப்படியோ அப்படி. அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ என்ற திகில் தொடரில் ஒரு பகுதி ஒளிபரப்பானது. எழுதியவர் ஜிம்மி சாங்ஸ்டர். இங்கிலாந்தின் ஹாம்மர் நிறுவனத்துப் பேய்ப்படங்களுக்கு எழுதிப் பழகிய கை.

கதை நடப்பது சிகாகோவில், வயதான யூதர்கள் வாழும் ஒரு குடியிருப்பில். யாரோ அவர்களைத் தின்கிறார்கள். சுவர்களில் ஸ்வஸ்திகா வரையப்படுகிறது. நாஜிகள் வந்துவிட்டார்கள் என்று கிழவர்கள் நடுங்குகிறார்கள். உண்மையில் அதை வரைந்தவர், ராட்சசனைத் தேடிக்கொண்டு வாழ்நாளைக் கழித்த ஓர் இந்தியக் கிழவர். காப்புக்காக வரைந்தார். ஒரே குறி ஒருவருக்கு மரணம், இன்னொருவருக்கு மங்கலம். ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு இது கொஞ்சம் அதிகமான நுட்பம்தான். ராட்சசன் எதிரில் நிற்பவர் மனதில் யாரை மிகவும் நம்புகிறாரோ அவராகத் தோன்றுவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்றுதான் அவனைக் கொல்லும். கடைசியில் நாயகனான நிருபர் கோல்சாக் முன்னால் வந்து நிற்பது அவனோடு வேலை பார்க்கும் அன்பான பாட்டி எமிலி. அவன் அம்பைத் தொடுக்கவேண்டியது அந்த முகத்தைப் பார்த்து.

ஓராண்டு கழித்து, 1975 டிசம்பரில், கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனம் நடத்திய ‘தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ’ இதழில் ராட்சசன் விளையாட்டுக்கு வந்தான். இந்தியாவில் முதலில் அறியப்பட்டவன், மனித இறைச்சிப் பிரியன், மாயத்தில் வல்லவன் என்ற அறிமுகத்தோடு. மனதைப் படிப்பது, நம்பிக்கையான உருவம் எடுப்பது, குறுக்குவில் அம்பு எல்லாமே தொடரிலிருந்து அப்படியே இறங்கியிருந்தன. வால்மீகி, வியாசர் வாடை அதில் மிகக் குறைவு. 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்துக்காக டேவிட் டிராம்பியர் ஒரு படம் வரைந்தார்: புலித்தலை, பட்டு மேலங்கி, கையில் புகைக்குழாய், சாய்ந்து உட்கார்ந்த தோரணை. அன்றிலிருந்து மேற்குலகில் ராட்சசன் என்றால் புலி. நம் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஆனால் சுந்தர காண்டத்தில் சீதையைச் சூழ்ந்த அரக்கியரில் பன்றி முகத்தாளும் எருமை முகத்தாளும் புலி முகத்தாளும் உண்டு. டிராம்பியர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, கூட்டத்தில் ஒருத்தியின் முகத்தை மொத்தக் குலத்துக்கும் மாட்டிவிட்டார். அரக்கருக்கு நிலையான முகமே கிடையாது என்பதுதான் நம் கதைகளின் பிடிப்பு. மாரீசன் மானாவான். வாதாபி ஆட்டுக்கறியாகி விருந்தாளியின் வயிற்றுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டு, அண்ணன் இல்வலன் கூப்பிட்டதும் கிழித்துக்கொண்டு வருவான், அகத்தியர் செரித்துவிட்ட அந்த ஒரு நாள் தவிர. பின்னால் வந்த பதிப்புகளில் உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும் கைகளும் சேர்ந்துகொண்டன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் புத்தகத்தில் அவனுடைய சவால் எண் 13, நடுத்தர ஆட்டக்காரர்களை நசுக்கிவிடக்கூடிய அளவு.

விளையாட்டுக்குள் வந்த எல்லா வேட்டை உயிருக்கும் இந்த மரியாதை கிடைத்துவிடவில்லை. 1939 ஜூலையில் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் ஏ.இ. வான் வோட் எழுதிய கதையில் கர்ல் என்றொரு வேற்றுக்கிரகப் பூனை வரும். தோளிலிருந்து உணர்கொம்பு நீளும். பட்டினியில் காய்ந்துபோனது, மனிதர்கள் இறங்கியதும் அப்பாவி மிருகம்போல நடித்து விண்கலத்துக்குள் ஏறிக்கொள்ளும், பூட்டிய இடத்திலிருந்து இயந்திரங்களை இயக்கும். 1975-இல் அதன் உடல் மட்டும் ‘டிஸ்பிளேசர் பீஸ்ட்’ என்ற பெயரில் விளையாட்டுக்கு வந்தது. தோளில் உணர்கொம்பு இருந்தது, மூளை இல்லை. சாதாரணக் காட்டு விலங்குக்குக் கொஞ்சம் மேலே என்று அறிவை இறக்கிவிட்டார்கள். ராட்சசன் அந்த வகையில் தப்பித்தான்.

தப்பித்தாலும் முக்கியமான ஒன்றைக் கடலில் தொலைத்துவிட்டுத்தான் கரையேறினான். ஏற்பாட்டை. 1975-இன் ராட்சசன் ஏமாற்றுக்காரன், இருட்டில் நண்பன் முகத்தோடு வந்து தின்பவன். மாயம் கலைந்தால் அவன் கதை முடிந்தது. பகனுக்கு மாயமே தேவைப்படவில்லை, அவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வண்டி போகிறது. 2004-இல் கீத் பேக்கர் உருவாக்கிய ‘எபரான்’ உலகத்தில் ராட்சசர்கள் யுகக்கணக்கில் திட்டமிட்டுத் திரைமறைவில் அரசுகளை ஆட்டிவைப்பவர்களாக வந்தபோது கொஞ்சம் பழைய கம்பீரம் திரும்பியது. அங்கேயும் மறைவுதான் பலம். வெளிச்சத்தில் உட்கார்ந்து வரி வாங்கும் அரக்கனை இன்னும் அவர்கள் பார்க்கவில்லை.

அந்த அரக்கனைக் கல்வராயன் மலையில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். மேசை விளையாட்டுக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. கீழே கச்சிராயப்பாளையம், கோமுகி அணை. மேலே வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், கடுக்காய் பொறுக்கும் காடு, ஒன்றுக்கொன்று எட்டாத சிற்றூர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை எனக்கு நானே போட்டுக்கொண்டேன்: மலையில் இருப்பவர்களையே அரக்கராக்கும் பழைய சோம்பேறித்தனம் கூடாது. இதிகாசங்களைப் படிப்பவர்கள் அதைப் பல இடங்களில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், காரணத்தோடு. என் பகன் எங்கிருந்தோ வந்தவன். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள்தான் அவனுடைய ஏகசக்கரம். அதிகாரம் எப்படி ஒரு பழக்கமாகிப்போகிறது என்பதற்கும் வெளியிலிருந்து பாடம் கொண்டுவரவேண்டாம். இந்த மலை 1976 வரை ஜாகிர்களாக இருந்தது. நாடு குடியரசாகி கால் நூற்றாண்டு ஆன பிறகும் இங்கே வரி வாங்கும் உரிமை தனிக் குடும்பங்களிடம் இருந்தது.

அவன் எப்படி யோசிப்பான்? இதில்தான் அந்நியத்தன்மையை வைக்கவேண்டும். ஆட்களை அவன் எண்ணமாட்டான், வீடுகளை எண்ணுவான். ஒரு வீட்டில் ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்பது அவன் கணக்கு, அதை ஒருபோதும் மீறமாட்டான். பஞ்சம் வந்தால் சோற்றைக் குறைத்துக்கொள்வான், ஆளைக் குறைக்கமாட்டான். பாதையில் கொள்ளைக்காரன் தலை காட்டினால் மறுநாள் அவன் தலை மரத்தில் தொங்கும். பொய் சொல்லமாட்டான். செத்தவர்களின் பெயர்களை எல்லாம் ஞாபகம் வைத்திருப்பான், கேட்டால் ஒவ்வொருவரும் கடைசியில் என்ன பேசினார்கள் என்று கரிசனத்தோடு சொல்வான். அது கரிசனம்தானா என்று ஆடுபவர்கள் குழம்பவேண்டும்.

பலவீனம் ஒன்று வேண்டுமே. மந்திரித்த அம்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் வாங்கிவிடலாம். பாரதத்திலேயே நல்ல வழி இருக்கிறது. குந்தி பீமனை அனுப்புகிறாள், தருமன் ஆட்சேபிக்கிறான், இது யாருக்கும் தெரியவேண்டாம் என்று அந்தணரிடம் அவள் கேட்டுக்கொள்கிறாள். பீமன் போய் உடனே சண்டைக்கு நிற்பதில்லை. அரக்கனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவனுடைய சோற்றைத் தானே தின்னத் தொடங்குகிறான். முதுகில் அறை விழுகிறது, திரும்பியும் பார்க்காமல் தின்கிறான். முடித்து, கை கழுவி, அப்புறம்தான் எழுந்திருக்கிறான். ஏற்பாட்டின் முதல் விதியை அவன் கண்ணெதிரே உடைப்பதுதான் அடி, மற்றதெல்லாம் மல்யுத்தம். ஆகவே என் ஆட்டத்தில் பகனின் பலம் ஊர் அந்த முறையைக் கடைப்பிடிக்கும் வரைக்கும்தான். ஒரு வண்டி போகாமல் நின்றால் கொஞ்சம் இறங்கும். அந்த வண்டியை நிறுத்த ஆட்டக்காரர்கள் முதலில் போராடவேண்டியது ஊர்க்காரர்களோடு. யார் பையனுடைய முறை அடுத்ததோ அவன் வீடு இவர்கள் பக்கம் நிற்கும், நேற்றுக் கொடுத்துமுடித்த வீடு நிற்காது. நாங்கள் மட்டும் கொடுத்தோமே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பகடை உருட்டிப் பதில் சொல்லமுடியாது.

ஜெயித்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பீமன் பகனின் உடலை ஊர் வாசலில் போட்டுவிட்டு, பயந்து வந்த அவன் உறவினர்களிடம் இனி மனிதரைத் தொடமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறான். கொஞ்ச நாளில் பாஞ்சாலத்தில் சுயம்வரம் என்று செய்தி வர, பாண்டவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். வேத்திரகீயத்து அரசன் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறான். பகன் பார்த்துவந்த காவலை அடுத்து யார் பார்ப்பது? மேசையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார் என்பதால் பதில் எழுதிவைத்திருக்கிறேன்: வாக்குக் கொடுத்த அந்த உறவினர்களே, சோறு மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு காவல் வேலை கேட்டு ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருவார்கள்.