விக்டோரியா: ஓர் இடுகுறிப்பெயரும் மூன்று புகைப்படங்களும்

நன்னூல் பாடம் நடத்துகிறவர்கள் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற பிரிவைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். மரம் இடுகுறி, நாற்காலி காரணம், அடுத்த நூற்பாவுக்குப் போகலாம். எம்.ஏ. தேர்வில் நானும் அப்படி எழுதித்தான் தேறினேன். காரணமின்றி இடப்பட்ட பெயர் என்றால் இட்டவர் யார், எந்த உரிமையில் இட்டார் என்ற கேள்வி வகுப்பில் எழவே இல்லை. பல வருஷம் கழித்து மூன்று புகைப்படங்களை அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தபோதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்றில் அருவியும் அதன் முன்னே ஒரு பாலமும். மற்றொன்றில் ரயில் நிலையம். மூன்றாவதில் அகலமான ஓர் ஆறு, அதன் கரையில் நடக்கும் பால வேலை. ஆப்பிரிக்கா, இந்தியா, கனடா. மூன்றின் கீழும் ஒரே பெயர்: விக்டோரியா.

அந்த அம்மாள் இந்த மூன்று இடங்களில் எதற்கும் போனதில்லை. ஆண்டது 1837 முதல் 1901 வரை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ரயில் பாதைகள் கண்டம் கண்டமாகப் பரவியதும் இதே காலத்தில்தான். ஆக, பெயர், ரயில், கேமரா மூன்றும் ஒன்றாக வளர்ந்தவை. ரயில் நிலத்தைக் கடந்தது. பெயர் நிலத்தைச் சொந்தமாக்கியது. இரண்டும் நடந்தேறின என்பதற்குச் சாட்சி சொன்னது புகைப்படம். ஒரு படத்துக்குச் சாத்தியமான பல அர்த்தங்களை அதனுடன் வரும் வாசகம் நங்கூரம் பாய்ச்சி ஒரே இடத்தில் நிறுத்துகிறது என்று ரோலாண் பார்த் 1964இல் எழுதினார். பெயர் என்பது அந்த வாசகத்தின் மிகச் சுருங்கிய வடிவம்.

அருவியில் தொடங்குவோம். 1855 நவம்பரில் டேவிட் லிவிங்ஸ்டன் ஜாம்பெசி ஆற்றில் தோணியில் அழைத்துச் செல்லப்பட்டு இதைப் பார்த்தார். அழைத்துப் போன கொலோலோ மக்களிடம் அதற்கு ஏற்கனவே பெயர் இருந்தது: மோசி ஓவா துன்யா, அதாவது இடிமுழங்கும் புகை. சுத்தமான காரணப்பெயர். தூரத்திலிருந்து கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. லிவிங்ஸ்டன் அதன்மேல் தன் ராணியின் பெயரை இட்டார்.

அரை நூற்றாண்டு கழித்துப் பாலம் வந்தது. கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ரயில் விட வேண்டும் என்பது செசில் ரோட்ஸின் கனவு. ரயில் பெட்டிகள்மேல் அருவியின் சாரல் படவேண்டும், பாலத்தை அவ்வளவு பக்கத்தில் கட்டு என்றவர் அவர். அருவியைப் பார்க்காமலேயே 1902இல் செத்துப்போனார். இங்கிலாந்தின் டார்லிங்டனில் செய்த எஃகு உறுப்புகள் கப்பலேறி வந்தன. பள்ளத்தாக்கின் இரு பக்கமிருந்தும் நீண்டு வந்த வளைவின் இரு கைகள் 1905 ஏப்ரல் 1 அன்று இணைந்தன. அதே வருஷம் செப்டம்பர் 12இல் திறப்பு விழா. ஆற்றிலிருந்து உயரம் 128 மீட்டர்.

வேலை நடந்தபோது எடுத்த படங்களைப் பாருங்கள். நடுவே வெறும் ஆகாயம், இரு பக்கமும் எஃகுக் கைகள், பின்னால் வெள்ளைக் கறை போலச் சாரல். எஃகின்மேல் எறும்பு எறும்பாய் ஆட்கள். உயரம் எவ்வளவு என்று காட்ட அவர்கள் படத்துக்குத் தேவைப்படுகிறார்கள், அவ்வளவுதான். மனிதன் அங்கே ஓர் அளவுகோல். பழைய பெயரில் இருந்த புகையைப் படம் எப்படியோ பிடித்துவிட்டது. இடிமுழக்கத்தைப் பிடிக்க எந்தக் கேமராவாலும் ஆகாது. காதால் அறிந்த நிலம் கண்ணால் மட்டுமே பார்க்கும் நிலமாகச் சுருங்கியபோது காரணப்பெயரின் பாதி உதிர்ந்து போயிற்று. 1989இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டு பெயர்களையும் போட்டு நடுவில் ஒரு சாய்கோடு இழுத்தது. அந்தச் சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டறிந்த பெயர், அந்தப் பக்கம் இட்ட பெயர்.

அப்படியானால் இட்ட பெயரை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? இதற்குப் பதில் பம்பாயில் இருக்கிறது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்த விக்டோரியா டெர்மினஸ் 1878இல் தொடங்கிக் கட்டி முடிக்கப் பத்து வருஷம் ஆனது. 1887இல் ராணியின் பொன்விழாவையொட்டிப் பெயர் சூட்டினார்கள். பழைய படங்களில் கடிகாரத்துக்குக் கீழே ராணியின் சிலை தெரியும். இப்போது அந்த இடம் காலி. சுவரில் ரயில் கம்பெனி இயக்குநர்களின் முகங்கள் கல்லில் இருக்கின்றன. கல் சுமந்தவர்களின் முகம் எங்கும் இல்லை. 1996இல் பெயர் மாறி சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017இல் 'மகாராஜ்' என்பதையும் சேர்த்தார்கள். ராணி போய் ராஜா வந்தார். அந்நிய அதிகாரத்தின் தடத்தை அழிப்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயரிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற அமைப்பில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஊர் ஜனமோ இன்னும் பழக்கத்தில் 'வி.டி.' என்கிறது. இரண்டு எழுத்துக்குள் ராணியும் இல்லை, ராஜாவும் இல்லை. அது மறுபடியும் வெறும் இடுகுறி.

பெயர்ப்பலகையை மாற்றுவதைவிடக் கடினமான ஒரு காரியம் மாண்ட்ரியலில் நடந்தது. அதற்கும் படம் இருக்கிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் விக்டோரியா பாலத்தை 1854 முதல் 1859 வரை கட்டினார்கள். ராபர்ட் ஸ்டீபன்சனும் அலெக்சாண்டர் ராஸும் வடிவமைத்த, இரும்புக் குழாய் போன்ற பாலம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய வில்லியம் நோட்மனை இந்த வேலையைப் படமெடுக்க 1858இல் அமர்த்தினார்கள். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. அசைந்தவன் ஆவி போல மங்கிப்போவான். 1860இல் திறப்பு விழாவுக்கு வந்த இளவரசருக்கு, நோட்மனின் படங்களை மேப்பிள் மரப்பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். மகன் பார்த்து, தாயிடம் காட்ட வேண்டிய சாம்ராஜ்ஜியம்.

ஆனால் நோட்மன் எடுத்தவற்றில் 1859ஆம் வருஷப் படம் ஒன்று தனித்து நிற்கிறது. அதன் மையம் பாலமல்ல, கறுத்த ஒரு பாறை. 1847இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய அயர்லாந்து ஜனம் டைபஸ் காய்ச்சலில் இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் செத்தது. குழிவெட்டி மொத்தமாய்ப் புதைத்தார்கள். பால வேலையில் அந்த எலும்புகள் வெளிப்பட்டன. தொழிலாளிகளில் பலர் அயர்லாந்துக்காரர்கள். எலும்புகளின்மேல் பாதை போகக்கூடாது என்று, ஆற்றிலிருந்து எடுத்த பெரும்பாறையை அங்கே நிறுத்தினார்கள். 6000 பேர் என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தக் கல்லை நிறுத்தும் காட்சியைத்தான் நோட்மன் எடுத்திருக்கிறார்.

இங்கு கவனிக்க வேண்டியது கல்லிலுள்ள வாசகம். செத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நிறுத்தியவர்கள் பெயரும் இல்லை. பீட்டோ, பிராஸி, பெட்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்களின் தொழிலாளிகள், விக்டோரியா பாலத்தில் வேலை செய்தவர்கள் என்று மட்டும் இருக்கிறது. தங்கள் துக்கத்தைச் சொல்வதற்கும் முதலாளியின் பெயரையும் ராணியின் பெயரையும் வழியாகக் கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் ஒன்று நடந்துவிட்டது. அந்தக் கல்லில் விக்டோரியா என்ற சொல் ராணியைக் குறிக்கவில்லை. எலும்புகள் கிடக்கும் இடத்தைக் குறிக்கிறது. இடுகுறிக்குத் தொழிலாளிகள் ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள். படத்திலும் மனிதர்கள் பாலத்துக்கு அளவுகோலாக நிற்கவில்லை, கல்லுக்காக நிற்கிறார்கள்.

2019இல் புதிய ரயில் பாதை வேலைக்காக அந்தக் கல்லின் அருகே தோண்டியபோது மறுபடியும் எலும்புகள் கிடைத்தன. இதைப் படித்த பிறகு அந்த மூன்று படங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரே பெயர் என்பதால்தானே நானும் இவற்றை ஒன்றாக அடுக்கினேன்? பெயர் என்னிடமும் தன் வேலையைக் காட்டிவிட்டது. இந்தமுறை கீழே இருந்த வாசகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் ஆட்களை எண்ணத் தொடங்கினேன்.