உழவர் வீட்டுத் தறியும் மதுரை முடிச்சும்

கிராமத்துத் துணிகளைப் பார்க்க வேண்டும் என்று ருமேனியாவின் வடக்கே மராமுரேஷ் பகுதிக்குப் போகிறவர் தறியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்டுப்பட்டி, புல்போர், செதுக்கு வேலை செய்த பெரிய மரவாசல் என்றிருக்கும் விவசாயி வீட்டுக்குள்ளேயே தறியும் இருக்கும். அதே ஆள் மதுரைக்குப் பக்கத்தில் சோழவந்தானில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தால் நெல்வயலையும் தென்னந்தோப்பையும் அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்காலையும் பார்ப்பார். வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கும் வேகத்தைக் கண்டு அசந்தும் போவார். ஆனால் விவசாயி வீட்டில் தறி எங்கே என்று கேட்டால், “துணிக்கு மதுரைக்குல்ல போகணும்” என்றுதான் பதில் வரும். இரண்டு துணி மரபுகளுக்கும் அடிப்படை வேறுபாடு இந்தப் பதிலிலேயே இருக்கிறது.

யார் செய்தார்கள், யாருக்கு?

ருமேனியக் கிராமத்தில் துணி வீட்டு வேலையின் ஒரு பகுதி. ஆடு சொந்தம், கம்பளியும் சொந்தம். சணல்போல் நார் தரும் கஞ்சாச் செடி வகையை நாருக்காகவே பயிரிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுத்து நூற்றார்கள். வயல் வேலை ஓய்ந்த பனிக்காலத்தில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி நூற்பதற்கும் தைப்பதற்கும் ‘ஷெஸெட்டவாரே’ என்று பெயர். பாட்டும் ஊர்க்கதையும் கல்யாணப் பேச்சும் அங்கேதான். பெண்ணுக்குச் சீராகப் போகும் கம்பளிகளும் விரிப்புகளும் விருந்தினருக்கென்று ஒதுக்கிய அறையில் கூரையைத் தொடுமளவு அடுக்கியிருக்கும். அந்த அடுக்கின் உயரம்தான் அந்த வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கணக்கு.

நம் பக்கத்தில் சீர் என்றால் பித்தளையும் நகையும். துணி கடையில் எடுப்பது. நெசவு தனிச் சமூகங்களின் தொழிலாக இருந்ததால், உழுகிறவர் நெய்யவில்லை, நெய்கிறவர் உழவில்லை. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடி, குஜராத்திலிருந்து விஜயநகரம் வழியாக வந்து நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் அது வளர்ந்தது. பிறகு திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியிலும் பெயர் பெற்றது. சோழவந்தானில் நடவுக்குப் போகும் பெண் கட்டும் சேலைக்கு முடிச்சுப் போட்டவர் யாரென்று அவருக்குத் தெரியாது. முடிச்சுப் போட்டவருக்கும் கட்டுகிறவரைத் தெரியாது. ருமேனியாவில் செய்தவரும் உடுத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்; மதுரையில் அவர்களுக்கு நடுவே ஒரு சந்தையே நிற்கிறது.

சுழலும் கட்டும்

மராமுரேஷ் கம்பளியின் சூட்சுமம் தண்ணீரில். ஓடையிலிருந்து மரக்கால்வாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பி, புனல் வடிவத்தில் பலகை அடித்த தொட்டிக்குள் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். ‘வல்ட்டவாரே’ என்ற இந்தத் தொட்டியில் தண்ணீர் சுழன்று பலகை இடுக்கு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். நெய்த கம்பளியை உள்ளே போட்டால் அதுவும் கூடவே சுழலும். சோப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, நெய்தபோது மெலிதாக இருந்த துணி தடித்துப் புசுபுசுவென்று வெளியே வரும். பொட்டிஸா கிராமத்துப் பெண்கள் வெங்காயத் தோல், வால்நட் ஓடு, மரப்பட்டை போன்றவற்றில் நூலுக்குச் சாயம் ஏற்றி விரிப்பு நெய்வதில் பேர்போனவர்கள். கூட்டுப்பண்ணைத் திட்டம் நாடெங்கும் நடந்த 1949–1962 காலத்தில்கூட மலைப்பகுதிகளில் பெரும்பாலும் நிலமும் ஆடும் குடும்பத்தின் கையிலேயே தங்கின. வீட்டுத்தறி அங்கே பிழைத்ததற்கு இதுவும் காரணம்.

சுங்குடியின் சூட்சுமம் நகக்கண்ணில். மில் நூலில் நெய்த பருத்திச் சேலையை மடித்துப் புள்ளி விழ வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். இடது கை விரல் நுனியால் துணியைக் கடுகளவு கிள்ளித் தூக்கி, வலது கையால் நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றி ஒரே இழுப்பில் இறுக்க வேண்டும். நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நெருக்கமான வேலையென்றால் பத்தாயிரத்தையும் தாண்டும். பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே கட்டுகிறார்கள், கூலி எண்ணிக்கைக்கு. சாயத்தொட்டி வேறொருவர் பட்டறையில். சாயம் ஏறிக் காய்ந்த பிறகு துணியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழும். நூல் இறுக்கிய இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். கிள்ளிய தடம் சிறு மேடாகக் கையில் தட்டுப்படும். வைகைத் தண்ணீரில் அலசினால் நிறம் எடுப்பாக வரும் என்பது சாயக்காரர்கள் சொல்லிவந்த வழக்கு. அணையில் திறந்துவிட்டால்தான் ஆற்றில் தண்ணீர் என்றாகிவிட்ட காலத்தில் அது பழங்கதை.

பட்டயம் எதைக் காக்கிறது?

இரண்டுக்கும் ஊரறிந்த அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. ருமேனியாவும் மால்டோவாவும் சேர்ந்து முன்வைத்த சுவர்க்கம்பள நெசவு 2016-லும், தோளில் பூவேலை செய்த பாரம்பரிய ரவிக்கை 2022-லும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1940-இல் வரைந்த ஓவியத்தால் அந்த ரவிக்கை ஏற்கெனவே உலகறிந்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு வந்தது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் அதே குறியீடு கிடைத்தது.

யுனெஸ்கோ பட்டியல் ஒரு திறமையை மரபென்று ஏற்றுக்கொள்கிறது. புவிசார் குறியீடு ஒரு பெயரைப் பிறர் எடுத்தாளாமல் தடுக்கப் பார்க்கிறது. கூலி எவ்வளவு என்று இரண்டுமே கேட்பதில்லை. இரண்டு நாட்டிலும் நகல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பிரெஞ்சு ஆடை நிறுவனமான டியோர் 2017-இல் காட்டிய ஒரு மேலங்கி, ருமேனியாவின் பிஹோர் பகுதி உடையை அப்படியே ஒத்திருந்தது. அடுத்த ஆண்டு ‘பிஹோர் கூட்யூர்’ என்ற பெயரில் உள்ளூர்க் கைவினைஞர்கள் தங்கள் அசல் உடைகளையே விற்கும் இயக்கம் கிளம்பியது. நகல் எடுத்தவர் தூரத்து அந்நியர் என்பதால் ஊர் ஒன்றாகக் குரல் கொடுக்க முடிந்தது.

சுங்குடியின் நகல் பக்கத்துத் தெருவிலேயே தயாராகிறது. மரக்கட்டையில் மெழுகு தொட்டுப் புள்ளி வைத்துச் சாயம் ஏற்றி, வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டால் நாள்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஸ்கிரீன் அச்சு அதைவிட வேகம், அதைவிட மலிவு. எல்லாமே கடையில் சுங்குடி என்ற பெயரில்தான் தொங்குகின்றன. வாங்குகிறவரும் வெயிலுக்கு இதமான லேசான பருத்திச் சேலையைக் கேட்கிறாரே தவிர முடிச்சைக் கேட்பதில்லை. இதில் யாரை எதிர்த்துக் குரல் எழுப்புவது? அச்சடிப்பவரும் அந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்தான்.

எதிரெதிர் நோய்கள்

இங்கேதான் ஒப்பீடு தலைகீழாகிறது. ருமேனியாவில் 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு கிராமத்து இளைஞர்கள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வேலைக்குப் போவது இன்னும் பெருகியது. ஆலைத்துணி என்றோ வந்துவிட்டது. பூவேலை ரவிக்கை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்துக்கும் திருவிழாவுக்கும் என்றாகிவிட்டது. 2013 முதல் ஜூன் 24-ஐ அந்த ரவிக்கைக்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நகரத்துப் பெண்கள் ஆசையோடு தையலைக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே கற்கும் கை இருக்கிறது. அன்றாடத் தேவை போய்விட்டது.

மதுரையில் சுங்குடிக்கென்று ஒரு நாள் வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பாட்டி முதல் பேத்தி வரை கட்டுகிறார்கள். தேவைக்குக் குறைவில்லை, முடிச்சுப் போடும் கைதான் குறைகிறது. ஒரு சேலைக்கு நாள்கணக்கில் கண்ணைக் கொடுத்து உட்காரும் வேலைக்கு, வெளியே போனால் கிடைக்கும் கூலிகூடத் தேறாதபோது, மகளை யார் அதில் உட்காரவைப்பார்?

ஆகவே ருமேனியாவின் மருந்து மதுரைக்குப் பொருந்தாது. கொண்டாட்டமும் பெருமையும் தேவையைத் தூண்டும். இங்கே தேவையைத் தூண்டினால் லாபம் அச்சுச் சேலைக்குத்தான். இங்கே வேண்டியது பிரித்துக் காட்டுவது. கட்டிய சேலையும் அச்சுச் சேலையும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கக் கூடாது. எத்தனை முடிச்சு, அதில் கட்டியவருக்குப் போன கூலி எவ்வளவு என்று சேலையோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். வெற்றிலையைக் கவுளி போட்டு எண்ணி, ரகம் பார்த்து விலை பேசுகிற ஊர்க்காரர்களுக்கு முடிச்சை எண்ணி விலை கொடுப்பது புதிய பாடமல்ல. கடைக்காரர் அந்தச் சீட்டைக் கட்டத் தயங்கினால், துணியைத் தடவிப் பார்த்து மேடு தட்டுப்படுகிறதா என்று வாங்குகிறவரே கேட்கலாம். அந்தக் கேள்வி நாலு பேரிடமிருந்து வந்தாலே கடையில் அலமாரி தானாகப் பிரியும்.