துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு பெரணி

எங்க குவார்ட்டர்ஸ் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு மேலே, காம்பவுண்டு சுவரில் ஒரு பெரணிச் செடி இருந்தது. யாரும் நட்டது இல்லை. செங்கல் இடுக்கில் தானா வந்தது. அம்மா துணி அலசும்போது தெறிக்கிற தண்ணியைக் குடிச்சே முப்பது வருஷம் ஓட்டிடுச்சு. சித்திரை வெயிலில் காய்ஞ்சு சருகாகும், ஐப்பசி மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்தவங்களுக்குத் தெரியும், பழைய குவார்ட்டர்ஸ் சுவர்களில் இதைப் பார்க்காம இருந்திருக்க முடியாது. ஊர்ப்பக்கம் கிணத்துச் சுவரிலும் இதே செடிதான்.

அப்பா ரிட்டயர் ஆக ஆறேழு மாசம் இருந்தப்போ ஒருநாள் அம்மா சொன்னாங்க: "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம்டா. முருங்கைக்குப் போத்து இருக்கு, மல்லிக்குப் பதியம் போட்டாச்சு. இந்தச் செவுத்துச் செடியைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

ரிட்டயர் ஆனா சாவியைக் கொடுத்துட்டு கிளம்பணும். அது டவுன்ஷிப்பில் பிறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. நான் பிறந்த வீடுதான், ஆனா எங்க வீடு இல்லை.

பெரணியைப் பிடுங்கிப் பார்த்தேன். சிமெண்டு பெயர்ந்து வந்துச்சு, வேர் உள்ளேயே அறுந்துபோச்சு. விதை எடுக்கலாம்னா, பூ பூத்தாத்தானே விதை? இந்தச் செடி என் ஆயுசுல ஒரு பூகூடப் பூத்ததில்லை.

அப்பதான் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் ஞாபகம் வந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு. விரலால் தேய்ச்சா மிளகாப்பொடி மாதிரி ஒட்டுது. ஸ்போர்! அதுக்கப்புறம் இந்தத் தூளைப் பத்திப் படிக்கப் படிக்க ஒரு பெரிய கதையே வந்து விழுந்தது. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

பெரணிக்கு விதை எங்கேன்னு மனுஷன் பல நூறு வருஷம் மண்டையை உடைச்சிக்கிட்டான். விதை இல்லாம செடி வராது, ஆனா பெரணி வருது, அப்போ விதை இருக்கணும், ஆனா கண்ணுக்குத் தெரியலை. ஐரோப்பாவில் என்ன முடிவு பண்ணினாங்க தெரியுமா? பெரணிக்கு விதை உண்டு, அது மாயமா மறைஞ்சிருக்கும், ஜூன் 23-ஆம் தேதி ராத்திரி மட்டும்தான் கிடைக்கும், அதைப் பிடிச்சு வெச்சிருக்கிறவன் யார் கண்ணுக்கும் தெரியாம நடமாடலாம்! ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில்கூட ஒரு திருடன் இந்த விதையைப் பத்திப் பேசுவான். நம்ம ஊர் விட்டலாச்சார்யா படத்து மாயமையின்னு வெச்சுக்குங்களேன் :-)

தாவரங்களுக்கெல்லாம் பேர் வெச்ச லின்னேயஸ், செடிகளைப் பூவின் உறுப்புகளை எண்ணித்தான் வகைப்படுத்தினார். பூவே இல்லாத பெரணி, பாசி, காளான் எல்லாத்தையும் கடைசி வகுப்பில் தள்ளி 'கிரிப்டோகேமியா'ன்னு பேர் வெச்சார். 'மறைவான கல்யாணம்'னு அர்த்தம். கல்யாணம் நடக்குது, மண்டபம்தான் எங்கேன்னு தெரியலை. எங்க சுவரில் இருந்த செடிக்கு 'டெரிஸ் விட்டாட்டா'ன்னு 1753-ல் பேர் வெச்சவரும் இதே லின்னேயஸ்தான். பேர் வெச்சவருக்கே அது எப்படிப் பெருகுதுன்னு தெரியாது.

அதைச் செஞ்சு பார்த்தவர் ஒரு டாக்டர். ஜமைக்காவில் அறுவை சிகிச்சை நிபுணரா இருந்த ஜான் லிண்ட்சே. இலைக்கு அடியில் இருக்கிற தூளைத் தொட்டி மண்ணில் தூவி, ஈரம் காயாம வெச்சுக்கிட்டு, தினமும் மண்ணை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தூள் பச்சையாச்சு, மெல்லிசான செதில் மாதிரி விரிஞ்சது, அதுலேர்ந்து குட்டிப் பெரணி எழுந்தது. ஜோசஃப் பேங்க்ஸ் மூலமா இந்தக் கட்டுரை லண்டன் லின்னேயன் சொசைட்டிக்குப் போய் 1794-ல் அச்சானது. மாய விதையின் கதை அதோட முடிஞ்சது. ஆனா அந்தப் பச்சைச் செதில் எதுக்கு? தூள்லேர்ந்து நேராச் செடி வராம, நடுவில் எதுக்கு ஒரு செதில்?

அதுக்குப் பதில் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. 1844-ல் நேகெலி அந்தச் செதிலில் ஆண் உறுப்பைப் பார்த்தார். 1848-ல் போலந்துப் பிரபு ஒருத்தர், பேர் லெஷ்சித்ஸ்-சுமின்ஸ்கி, பெண் உறுப்பையும் அதே செதிலில் கண்டுபிடிச்சார். கல்யாண மண்டபம் அதுதான்! விரல் நகத்தைவிடச் சின்னதா, இதய வடிவத்தில் இருக்கிற அந்தப் பச்சைத் துணுக்கின் அடிப்பக்கத்தில், ஒரு சொட்டுத் தண்ணியில் ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேருது. தண்ணி இல்லேன்னா கல்யாணம் இல்லை. பெரணி ஏன் ஈரமான இடத்தையே தேடுதுங்கிறதுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம்.

1851-ல் ஹோஃப்மைஸ்டர் இதை எல்லாம் சேர்த்து ஒரு பெரிய சித்திரமா வரைஞ்சு காட்டினார். பெரணிக்கு ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு பிறவி. பெரிய செடி ஸ்போரை உதிர்க்கும், ஸ்போர் குட்டிச் செதில் ஆகும், செதில் மறுபடி பெரிய செடியைப் பெத்தெடுக்கும். இந்த ஹோஃப்மைஸ்டர் யாருன்னு பார்த்தா, லைப்ஸிக் நகரத்தில் அப்பாவோட புத்தக, இசைப் பதிப்பு வியாபாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்கலை. கடும் கிட்டப்பார்வை வேற. காலையில் கடை திறக்கிறதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்.

கவனிச்சீங்களா? டாக்டர், பிரபு, புத்தகக் கடைக்காரர். வேற பொழைப்பு உள்ளவங்க, ஆசைக்காகச் செஞ்ச வேலை. சுவரோரம் நின்னு இலையைத் திருப்பிப் பார்த்த எனக்கு இது கொஞ்சம் தெம்பா இருந்தது.

இன்னொரு டாக்டரையும் சொல்லணும். லண்டனில் நத்தானியேல் வார்டு. தோட்டத்தில் பெரணி வளர்க்க ஆசை, ஆனா கரிப்புகையில் எல்லாம் செத்துப்போகுது. 1829-ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈர மண்ணோட கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வெச்சார். பூச்சி என்ன ஆகுதுன்னு பார்க்க நினைச்சவருக்கு, மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைச்சிருந்தது தெரிஞ்சது. மண்ணில் எப்பவோ விழுந்த ஸ்போர்! மூடின குப்பிக்குள்ள ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிஞ்சு, திரும்ப மண்ணுக்கே வந்தது. அதை வெச்சு அவர் செஞ்ச கண்ணாடிப் பெட்டிகள் கப்பல் ஏறின. 1860, 61-ல் தென்னமெரிக்காவிலேர்ந்து கொய்னா மருந்துக்கான சின்கோனா கன்னுகள் நீலகிரிக்கு வந்ததும் வார்டு பெட்டியில்தான். முதல்ல வந்ததில் பெரும்பாலும் வழியிலேயே வீணாப்போச்சு, அது வேற கதை.

நம்ம ஊர்ப் பெரணிகளுக்கு முதல் பெரிய புத்தகம் எழுதினவரும் பட்டாளத்துக்காரர்தான். ரிச்சர்ட் ஹென்றி பெடோம். மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து, பிறகு வனத்துறைக்குப் போய், ஆனைமலை, நீலகிரின்னு சுத்தி, 'தென்னிந்தியப் பெரணிகள்' என்ற படப் புத்தகத்தை 1863-64-ல் மதராஸிலேயே வெளியிட்டார்.

சரி, மலைக்கும் லண்டனுக்கும் போனது போதும், நெய்வேலிக்கு வருவோம். நம்ம ஊருக்கே ஒரு பெரணிக் கதை இருக்கு.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டினப்போ கறுப்பா ஏதோ வந்தது, அதுலேர்ந்துதான் எல்லாம் தொடங்கினதுன்னு நாம ஸ்கூல்லேயே படிச்சாச்சு. 1956-ல் நிறுவனம், 1957 மே 20 அன்னிக்கு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கினார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிஞ்சது. அப்பா ஒரு தடவை கை அகலத் துண்டு ஒண்ணைக் காட்டினார். கரின்னு சொல்ல முடியாது, மரத்தோட ரேகை அப்படியே இருந்தது. ஷோகேஸில் வெச்சோம். நெய்வேலிக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம்தானே, காயக் காய வெடிச்சு நாலே மாசத்தில் பொடியாப் போச்சு. அம்மா பெருக்கி வெளியே கொட்டிட்டாங்க.

அந்தப் பொடிக்குள்ள என்ன இருந்ததுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். கரி வெளியே வந்த அதே 1960-களில், லக்னோவில் இருக்கிற பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த நவலேயும், அப்புறம் சி.ஜி.கே.ராமானுஜமும் நெய்வேலிக் கரியை அமிலத்தில் கரைச்சு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. ராமானுஜத்தின் விரிவான கட்டுரை 1966-ல் ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் வந்தது. கரியெல்லாம் கரைஞ்ச பிறகும் கரையாம நின்னதில் ரெண்டு: பூச்செடிகளின் மகரந்தம், பெரணிகளின் ஸ்போர். ஸ்போரின் மேலோடு 'ஸ்போரோபொலெனின்' என்ற பொருளால் ஆனது. அமிலம் கரைக்காது, அழுகாது. அந்தக் காடு மயோசீன் காலத்ததுன்னு ரொம்ப நாளாச் சொன்னாங்க, அதைவிடப் பழசுன்னு வாதிடறவங்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கோடிக்கணக்கான வருஷம். மரம் கரியாச்சு, இலை கரியாச்சு, இந்தத் தூள் மட்டும் தூளாவே இருந்திருக்கு.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷம் அந்தக் கரிக்கு மேலயே ஷிஃப்டு பார்த்தவர். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்போ நம்ம செவுத்துல இருக்கறது அதோட பேரப்புள்ளையாடா?"ன்னு கேட்டார். நேர்ப் பேரன் இல்லைப்பா, தூரத்து உறவுன்னு வெச்சுக்கலாம்னேன்.

இப்போ என் சோதனைக்கு வர்றேன். கார்த்திகையில் நல்லாப் பழுத்த இலை ரெண்டை ஒடிச்சு, வெள்ளைத் தாளில் மடிச்சு ஷெல்ஃபில் வெச்சேன். ரெண்டு நாளில் தாள் முழுக்கப் பழுப்புத் தூள். முதல் தடவை தோட்டத்து மண்ணை டப்பாவில் போட்டுத் தூவினேன். மூணு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் மூடிடுச்சு, அத்தனையும் போச்சு. ரெண்டாம் தடவை, செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்து, கொதிக்கிற தண்ணியை ஊத்தி ஆறவெச்சேன். பழைய சுண்ணாம்புக் காரையோட ஒரு செங்கல் துண்டையும் நொறுக்கிப் போட்டேன், இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு பிடிக்கும். பிரியாணி வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி அதில் மண்ணைப் பரப்பி, ஒரு சிட்டிகைத் தூளைத் தாளோட தட்டித் தூவி, மூடி போட்டு, வெயில் நேராப் படாத பாத்ரூம் ஜன்னலில் வெச்சேன். வார்டு பெட்டிதான், விலை குறைவு.

அஞ்சாவது வாரம் மண்மேல பச்சைப் படலம். மூணாவது மாசம் குட்டிக் குட்டி இதயங்கள். அப்போ மூடியைத் திறந்து, காய்ச்சி ஆறின தண்ணியைப் பனி மாதிரி தெளிக்கணும். கல்யாணத்துக்குத் தண்ணி வேணும்னு சொன்னேனே, அதுக்குத்தான். அம்மா தினம் வந்து எட்டிப் பார்த்துட்டு, "பாசியைப் போய் வளர்க்கறியே"ன்னு சிரிச்சிட்டுப் போவாங்க. ஆடி மாசம் ஒரு இதயத்தின் இடுக்கிலேர்ந்து கொக்கி மாதிரி சுருண்ட ஒரு இலை எழுந்தது. அன்னிக்கு அம்மா சிரிக்கலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை வி.எஸ்.மாணிக்கமும் அவர் குழுவினரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய பெரணிகளை இதே மாதிரி ஸ்போர்லேர்ந்து ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்த்தாங்க. காட்டில் எண்ணிப் பார்க்கிற அளவுக்குக் குறைஞ்சுபோன செடியை, ஒரு இலையின் தூளை வெச்சு மீட்கலாம். தாய்ச்செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. நான் முதல்ல பிடுங்கினேனே, அந்தத் தப்பு இங்க நடக்காது.

எங்க சுவர்ப் பெரணி ஒண்ணும் அரிய செடி இல்லை. ஆனா 2001-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆர்செனிக் விஷம் ஊறின மண்ணில் இதே டெரிஸ் விட்டாட்டா செழிப்பா நிக்கறதையும், விஷத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வெச்சுக்கறதையும் கண்டுபிடிச்சாங்க. மண்ணைச் சுத்தம் பண்ண உலகம் முழுக்க இப்போ இதை வளர்த்துப் பார்க்கறாங்க. (அதனால எங்கேயாவது பறிச்சுக் கீரை கடைஞ்சிடாதீங்க!)

அப்பா ரிட்டயர் ஆன வருஷம் புரட்டாசியில் வீட்டைக் காலி பண்ணினோம். லாரியில் பீரோ, கட்டில், முருங்கைப் போத்து, மல்லிப் பதியம், என் மடியில் மூணு தொட்டி. சாவியைக் கொடுக்கப் போறதுக்கு முன்னாடி அம்மா பின்பக்கம் போனாங்க. துவைக்கிற கல்லில் ஒரு வாளித் தண்ணி பிடிச்சு, சுவரைப் பார்த்து வீசி ஊத்திட்டு வந்தாங்க. வீட்டைப் பூட்டினது அப்பாதான்.

இப்போ விருத்தாசலத்தில் இருக்கோம். மூணு தொட்டியில் ரெண்டு பிழைச்சது. போன மழைக்கு, தொட்டியில் இல்லாம, புதுவீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு குட்டிப் பெரணி தலையைக் காட்டுது. அது நான் வெச்சது இல்லை.