மனையியலிலிருந்து உணவியலுக்கு: திண்டுக்கல் சமவெளியில் ஊட்டச்சத்துக் கல்வியின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

உணவியல் பட்டக்கல்வி இன்று பெரிதும் மருத்துவமனைப் பணியோடு இணைத்தே நோக்கப்படுகிறது. திண்டுக்கல் சமவெளியில் அக்கல்விக்கான களம் ஊரக நலப்பணியில் உருவானது என்பதையும், அம்மரபு இன்றைய தொழில்முறைப் பாடத்திட்டத்திற்கு எழுப்பும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உணவியல், மனையியல், காந்திகிராமம், ஊரகக் கல்வி, ஊட்டச்சத்துத் திட்டம்.

முன்னுரை

தமிழகத்தில் ஊட்டச்சத்து ஆய்வு பல்கலைக்கழக வகுப்பறையில் தொடங்கவில்லை, குன்னூரில் தொடங்கியது. 1918-இல் பெரிபெரி நோய் குறித்து அங்கு ஆராயத் தொடங்கிய இராபர்ட் மெக்காரிசன், பிற்காலத்தில் இந்தியப் பகுதிகளின் உணவுமுறைகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் மிகுந்த வடமேற்குப் பகுதியினரின் உணவு முதலிடம் பெற, அரிசியை முதன்மையாகக் கொண்ட ‘மதராசி உணவு’ கடைநிலையில் வைக்கப்பட்டது. கம்பும் சோளமும் விளைந்த திண்டுக்கல் போன்ற மானாவாரி நிலப்பகுதிகளின் உணவு வேறுபாடுகளை அப்பொதுப்பெயர் மறைத்துவிட்டது. அவரை அடுத்துப் பொறுப்பேற்ற அய்க்ராய்டு 1937-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைகளில் சிறுதானியங்களும் இடம்பெற்றன. அட்டவணை உருவாகிவிட்டது, அதனைக் குடும்பங்களின் அடுப்பங்கரைக்குக் கொண்டுசெல்லும் கல்வியே அடுத்த தேவையாயிற்று.

காந்திகிராமம்: நலப்பணியும் கல்வியும்

மருத்துவரான டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பணியில் சௌந்தரம் பெற்ற பட்டறிவு இதற்குத் துணைநின்றது. தாய்சேய் நலம், ஆதாரக் கல்வி, கிராமத் தொழில் ஆகியன ஒரே வளாகத்தில் வளர்ந்தன. 1948-49-ஆம் ஆண்டுகளில் இராதாகிருஷ்ணன் ஆணையம் ஊரகப் பல்கலைக்கழகக் கருத்தை முன்வைத்தது. 1956-இல் காந்திகிராம ஊரக உயர்கல்வி நிறுவனம் தோன்றியது; 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிலும் முறை அதன் தனித்தன்மையாகும். பிற்காலத்தில் அங்கு அமைந்த மனையியல் துறை இப்பின்புலத்தில் வைத்தே மதிப்பிடத்தக்கது.

இதற்கு இணையாக, 1957-இல் கோயம்புத்தூரில் தி.சு. அவிநாசிலிங்கம் நிறுவிய மனையியல் கல்லூரி, இராஜம்மாள் பா. தேவதாஸின் வழிகாட்டலில் ஊட்டச்சத்துக் கல்வியைப் பட்டம், ஆய்வு ஆகிய நிலைகளுக்கு உயர்த்தியது. கோவை மரபு கல்லூரியிலிருந்து களத்திற்குச் சென்றது. காந்திகிராம மரபு களத்திலிருந்து கல்லூரிக்கு வந்தது எனலாம்.

பட்டம் பெறாத பணியாளர்கள்

1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், திண்டுக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கப்பட்டது. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கு மட்டும் துணையுணவு வழங்குவது அதன் அணுகுமுறை. எடையைக் குறித்தவர்களும் தாய்மார்களுக்கு அறிவுரை கூறியவர்களும் உள்ளூர்ப் பெண்களே. வளர்ச்சி அட்டையைப் படித்தல், உணவளவை முடிவுசெய்தல், தாயின் தயக்கத்தைப் போக்குதல் ஆகியன இன்று உணவியல் மாணவர் செய்முறையாகக் கற்பவை. அவற்றைப் பட்டமின்றியே செய்த இப்பெண்கள், இத்துறையின் வரலாற்றில் முன்னோடிகளாக எண்ணப்படுவதில்லை.

தொழில்முறையாக்கமும் எழும் வினாவும்

இந்திய உணவியல் சங்கம் தோன்றியது முதல் மருத்துவமனை உணவியலுக்குத் தனி அடையாளம் கிடைத்தது. 2021-ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. தகுதியற்ற அறிவுரைகளிலிருந்து மக்களைக் காக்க இவ்வொழுங்குமுறை தேவை. ஆயினும் நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றிற்கான உணவுத் திட்டத்தில் மட்டும் பயிற்சி குவியுமாயின், நோயாளியாகப் பதிவுபெறாத ஊரகக் குடும்பம் பாடத்திட்டத்திலிருந்து விலகிவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் ஊர்களில்கூட, விளைச்சல் மிகுதி மட்டும் குழந்தையின் உணவுத்தட்டை நிறைவு செய்துவிடாது. கூலி, விலை, தாயின் வேலைநேரம் ஆகியவையும் அத்தட்டைத் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

திண்டுக்கல் சமவெளியின் வரலாறு, உணவியல் என்பது நோய்க்கான உணவைக் கற்பிக்கும் கல்வி மட்டுமன்று, நோய் வருமுன் வீட்டை அறியும் கல்வியுமாகும் என்பதை உணர்த்துகிறது. மருத்துவமனைப் பயிற்சிக்கு நிகராகக் கிராமத் தங்கலையும் அங்கன்வாடிப் பயிற்சியையும் பட்டக்கல்வியில் மதிப்பிடுவது இம்மரபின் தொடர்ச்சியாக அமையும். களப்பணிப் பெண்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது அடுத்தகட்ட ஆய்வின் உடனடித் தேவையாகும்.