பேர்க்லியில் மீண்டும் எழுதப்பட்ட யூனிக்ஸ்

ஈய அச்செழுத்துக் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். ஒரு கட்டுரைக்கு எழுதியவரின் பெயரைப் போடுவதா, விடுவதா என்று ஆசிரிய பீடத்தில் நடந்த சண்டைகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். சம்பளம் குறைந்ததைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூடத் தம் பெயர் விடுபட்டதைப் பொறுத்துக்கொண்டதில்லை. கணினி பற்றிய கட்டுரையில் இந்தக் கதை எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் சகோதரியின் மகன் பழைய கணினியொன்றில் ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை மூலநிரலிலிருந்தே கட்டிக்கொண்டிருந்தான். திரையில் ஓடிய வரிகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். அதன் தலைப்பில், இந்த நிரல் இன்னார் பேர்க்லிக்கு வழங்கியதிலிருந்து பெறப்பட்டது என்று ஆளின் பெயருடன் எழுதியிருந்தது. வேறொரு கோப்பில் வேறொரு பெயர். அந்தப் பெயர்கள் அங்கே வந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் கைகளில் பிறந்தது. அந்த ஆய்வுகூடத்தின் தாய்க் கம்பனியான ஏரி அன்ட் ரி, 1956இல் அரசாங்கத்துடன் செய்துகொண்ட நீதிமன்ற இணக்கத்தின்படி, தொலைபேசித் துறைக்கு வெளியே வியாபாரம் செய்யமுடியாத நிலையில் இருந்தது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸின் மூலநிரலைக் குறைந்த கட்டணத்துக்கு உரிமத்துடன் கொடுத்தது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அது 1974 ஜனவரியில் வந்து சேர்ந்தது. 1975இல் பட்டப்பின் மாணவராக வந்த பில் ஜோய், அதனுடன் தான் எழுதியவற்றையும் சேர்த்து, 1978இல் காந்த நாடாவில் மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். பிஎஸ்டி என்ற பெயர் அப்படித் தோன்றியது. 1983இல் வெளியான 4.2 பதிப்பில் இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் இருந்தன. பாதுகாப்பு அமைச்சின் ஆய்வு நிதியில் நடந்த வேலை அது.

இவ்வளவும் சிறப்பாக நடந்தாலும் ஒரு முடிச்சு இருந்தது. பேர்க்லியின் நாடாவைப் பெற விரும்புபவர் முதலில் ஏரி அன்ட் ரியின் உரிமத்தை வாங்கவேண்டும். 1984இல் அந்தக் கம்பனி பிரிக்கப்பட்டு, கணினி வியாபாரத்தில் இறங்க வழி திறந்த பின்னர் உரிமக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. தாங்கள் எழுதிய வலையமைப்புப் பகுதியை மட்டுமாவது தனியே தாருங்கள் என்று வெளியாட்கள் கேட்டார்கள். அதன்படி 1989 ஜூனில் அப்பகுதி வெளியிடப்பட்டது. நாடாவின் விலை 1,000 டொலர். ஆனால் வாங்கியவர் அதை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். மூலநிரலில் உள்ள உரிமைக் குறிப்பை அழிக்காமல் விடவேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

இங்கேதான் கீத் பொஸ்டிக் வருகிறார். வலையமைப்புப் பகுதியை வெளியிட்டதைப் போல் முழு இயங்குதளத்தையும் வெளியிட்டால் என்ன என்று அவர் கேட்டார். ஆய்வுக்குழுவில் இருந்த மைக் கரல்ஸும் கேர்க் மக்கியூசிக்கும் சிரித்திருக்கவேண்டும். நூற்றுக்கணக்கான சிறு கட்டளை நிரல்களையும் சி மொழி நூலகத்தையும் முதலில் புதிதாக எழுதி முடியுங்கள், பிறகு கேர்னல் எனப்படும் கருப்பகுதியைப் பார்ப்போம் என்றார்கள். ஆளைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் பதில் இது என்றே நான் நினைக்கிறேன். பொஸ்டிக் அதை உண்மையென எடுத்துக்கொண்டார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. பணம் இல்லை. ஆட்கள் இல்லை. கணினியாளர் மாநாடுகளுக்குப் போய், ஒவ்வொரு கட்டளையையும் யாராவது ஏற்றுக்கொண்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். ஏரி அன்ட் ரியின் நிரலைப் பார்க்கக்கூடாது. அக்கட்டளை என்ன செய்யும் என்று அச்சான கைநூல்களில் சொல்லியிருப்பதை மட்டும் வைத்து எழுதவேண்டும். கூலி என்ன? பங்களித்தோர் பட்டியலில், எழுதிய நிரலின் பெயருக்கு அருகில் உங்கள் பெயர். அவ்வளவே. முதலில் சில்லறைக் கட்டளைகள்தான் வந்தன. பட்டியல் நீள நீள மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. எண்ணிக்கை 100ஐத் தாண்டியது. 18 மாதங்களில் முக்கியமான அனைத்தும் எழுதி முடிந்துவிட்டன.

பொஸ்டிக் திரும்பி வந்து, கருப்பகுதி என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூவரும் அமர்ந்தனர். பல மாதங்கள், கோப்புக் கோப்பாக, வரி வரியாகப் பழைய ஏரி அன்ட் ரி பதிப்போடு ஒப்புநோக்கி, அங்கிருந்து வந்தவற்றை நீக்கினார்கள். அச்சுக்கூடத்தில் இரவிரவாக ஒப்புநோக்கியவன் என்ற வகையில் அந்த உழைப்பின் அலுப்பு எனக்குத் தெரியும். ஈற்றில் ஆறு கோப்புகள் மட்டும் எஞ்சின. அவை பழைய நிரலோடு பின்னிப்பிணைந்திருந்தமையால் இலகுவில் மாற்றமுடியவில்லை. அந்த ஆறையும் விட்டுவிட்டு 1991 ஜூனில் மற்றதை வெளியிட்டனர்.

ஆறு இல்லாத வீடு. ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே பில் ஜோலிட்ஸ் அந்த ஆறு கோப்புகளுக்கும் மாற்று எழுதி, சாதாரண 386 கணினியில் இயங்கும் 386பிஎஸ்டியை 1992இல் இலவசமாக வெளியிட்டார். அதைப் பராமரிக்க அவருக்கு நேரம் போதவில்லை. திருத்தங்களைச் சேகரித்துவந்த பயனர்கள் பொறுமை இழந்து, 1993இல் நெட்பிஎஸ்டி, ஃபிரீபிஎஸ்டி என்று தனித்தனியே கட்டத் தொடங்கினர்.

இதே நிரலை வைத்து பிஎஸ்டிஐ என்ற கம்பனி 995 டொலருக்கு ஓர் இயங்குதளத்தை விற்றது. அதன் விளம்பரத் தொலைபேசி இலக்கத்தில் யூனிக்ஸ் என்ற பெயரும் வந்தது. ஏரி அன்ட் ரியின் யூனிக்ஸ் பிரிவு வழக்குத் தொடுத்தது. எங்களிடம் உள்ளவை பல்கலைக்கழகம் பகிரங்கமாகக் கொடுத்த கோப்புகளும் நாங்கள் சேர்த்த ஆறும் மாத்திரமே என்றது பிஎஸ்டிஐ. அப்படியாயின் அந்த ஆறைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று நீதிபதி வாதிக்குச் சொல்ல, அவர்கள் பல்கலைக்கழகத்தையும் எதிரியாக்கினார்கள். பல்கலைக்கழகம் கலிபோர்னியாவில் எதிர்வழக்கு வைத்தது. அதன் சாரம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பேர்க்லியின் நிரலைத் தன் யூனிக்ஸில் சேர்த்து விற்ற அந்தப் பெரிய கம்பனி, உரிமம் கோரியபடி பேர்க்லிக்குரிய பெயரைக் குறிப்பிடவில்லை என்பதே முறைப்பாடு. திருட்டுக் குற்றம் சாட்டியவரே பெயரை விழுங்கியவர்!

யூனிக்ஸ் பிரிவு இடையில் நொவெல் கம்பனிக்குக் கைமாறியது. 1994 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்று. 70 கோப்புகள் அளவில் உரிமைக் குறிப்புச் சேர்க்கப்பட்டது. சில கோப்புகளில் சிறு மாற்றங்கள். அந்தத் திருத்தப் பதிப்பு 1994 ஜூனில் வந்தது. ஃபிரீபிஎஸ்டிக்காரர் பழைய அடித்தளத்தைக் கைவிட்டு, புதிய பதிப்பின் மேல் ஏறக்குறைய முழுவதையும் மறுபடி கட்டி, அவ்வாண்டு நவம்பரில் 2.0ஐ வெளியிட்டனர்.

வழக்கு நடந்த காலத்தில் பலர் பிஎஸ்டியைத் தொட அஞ்சினார்கள். பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் அந்த இடைவெளியில் வளர்ந்தது. தான் தொடங்கியபோது 386பிஎஸ்டி கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்ற கருத்தை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

என் மருமகனிடம் திரும்புகிறேன். முதலில் பழைய தொகுப்பியைக் கொண்டு புதிய தொகுப்பியைக் கட்டவேண்டும். பின்னர் அந்தப் புதியதைக் கொண்டு நூலகங்களையும் கட்டளைகளையும் கட்டி, அதன் பிறகே கருவைக் கட்டவேண்டும் என்று விளங்கப்படுத்தினான். நடுச்சாமத்தில் மின்சாரம் போனது. அத்தனையும் வீண் என்று நான் பதறினேன். அவன் பதறவில்லை. கட்டுவது எல்லாம் வேறொரு அடைவில் நடக்கிறது மாமா, ஓடிக்கொண்டிருந்த பழையது அப்படியே இருக்கும் என்றான். மின்சாரம் வந்ததும் மீண்டும் தொடங்கினான். மறுநாள் பின்னேரம் முடிந்தது.

பேர்க்லி ஆய்வுக்குழு 1995 ஜூனில் தன் இறுதிப் பதிப்பை வெளியிட்டுக் கலைந்தது. அந்த மூவரும் கண் வலிக்க ஒப்புநோக்கி நீக்கிய பழைய ஏரி அன்ட் ரி யூனிக்ஸ் பதிப்பை, அதன் உரிமை கைமாறிச் சென்ற கல்டேரா கம்பனி 2002 ஜனவரியில் யாரும் பயன்படுத்தலாம் என்று விடுவித்தது. அது தேர்ந்தெடுத்த உரிமம் பேர்க்லியின் உரிமத்தைப் போன்றதே.