மலிவு மடக்குக்கத்தி: வாங்கலாமா, வேணாமா? (கொஞ்சம் வரலாறு)

எங்க ஏரியா குமணன்சாவடி ஜங்ஷன் பக்கம் சாயங்காலம் பிளாட்பாரத்துல கடை விரிச்சிருப்பாங்க. செல்போன் கவர், டார்ச் லைட், நெயில் கட்டர் இதுக்கெல்லாம் நடுவுல பளபளன்னு மடக்குக்கத்தி ரெண்டு மூணு கிடக்கும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், பாட்டில் ஓப்பனர், ரம்பம்னு ஒரே பிடிக்குள்ள பதினோரு அயிட்டம். நூத்தம்பது ரூபாய், பேரம் பேசினா நூத்திருபது.

"இதெல்லாம் வாங்குறது தண்டம்தானே பாஸ்?" அப்படின்னு கூட வேலை பார்க்குற நண்பர் கேட்டார். ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தைல சொல்லியிருக்கலாம். ஆனா பொட்டி தட்டுற பயலுக்கு ஒரு சாமானைப் பார்த்தா அதோட வெர்ஷன் ஒண்ணு எப்படி இருந்துச்சுன்னு நோண்டாம தூக்கம் வராது. நோண்டினதுல, அவர் கேள்விக்கான பதில் வரலாற்றுலயே இருக்குன்னு தெரிஞ்சுது. அதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர் மடக்குக்கத்தி

மடக்குக்கத்தின்னாலே வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நினைக்கிறோம். நம்மகிட்ட அரிவாள் இருந்துச்சு, அரிவாள்மணை இருந்துச்சு, மடக்குற கத்தி எங்கே இருந்துச்சுன்னு கேப்பீங்க. இருந்துச்சு மக்களே, எழுதுறவங்க கையில இருந்துச்சு.

ஓலைச்சுவடி காலத்து எழுத்தாணில மூணு வகை சொல்லுவாங்க: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணிக்கு மேல கொண்டை கனமா இருக்கும். வாரெழுத்தாணில ஒரு முனை எழுத, இன்னொரு முனை ஓலையை வார (ஓரத்தை நறுக்கிச் சீராக்க) கத்தி மாதிரி. மூணாவதுதான் நம்ம ஹீரோ. ஒரு பிடி, அதுக்குள்ள மடங்குற எழுத்தாணியும் கத்தியும். எழுதணும்னா ஆணியை விரிக்கணும், ஓலை வாரணும்னா கத்தியை விரிக்கணும், வேலை முடிஞ்சா மடக்கி வெச்சுக்கலாம். உ.வே.சா. தன்னோட 'என் சரித்திர'த்துல (1940ல ஆரம்பிச்சு ஆனந்த விகடன்ல தொடரா வந்தது) இந்த எழுத்தாணி வகைகளை விவரமா எழுதியிருக்கார். ஓலையில எழுதிப் பழகின கடைசித் தலைமுறை மனுஷர். (நாம ஆபீஸ்ல புடுங்குற ஆணிக்கும் இந்த ஆணிக்கும் சம்பந்தம் இல்லீங்கோ :-))

இங்கிலீஷ்காரன் கதையும் இதேதான். பேனாக்கத்திங்கிற பேரே அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பேனா பறவை இறகு. எழுத எழுத முனை மழுங்கும், அப்பப்போ சீவணும். அதுக்குன்னு வெச்சிருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. இறகுப் பேனா போயிடுச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. இவனுக்கு ஓலை, அவனுக்கு இறகு. ரெண்டு பேருக்கும் கையடக்கமா, மேல குத்தாம, ஒரு கத்தி தேவைப்பட்டுது.

ஒரே ஒரு ஆணி

கிடைச்சதுலயே ரொம்பப் பழைய மடக்குக்கத்தின்னு ஆஸ்திரியாவோட ஹால்ஷ்டாட்ல கிடைச்சதைச் சொல்றாங்க. சுமார் 2500 வருஷப் பழசு, எலும்புப் பிடி. ரோமானியர்களும் மடக்குக்கத்தி வெச்சிருந்தாங்க. கத்தி, ஸ்பூன், முள்கரண்டி எல்லாம் ஒண்ணா மடங்குற வெள்ளிச் சாமான் ஒண்ணு கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துல இருக்கு, கி.பி. 3ஆம் நூற்றாண்டு. பதினோரு அயிட்டம் ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை!

பழைய மடக்குக்கத்தியோட அமைப்பு ரொம்ப சிம்பிள். பிடியில ஒரு பள்ளம், அதுல பிளேடு, ரெண்டையும் கோத்து ஒரு ஆணி. ஆணி எவ்வளவு இறுக்கமோ அந்த உராய்வுதான் பிளேடை நிறுத்தி வைக்கும். லூசானா சுத்தியலால ஒரு தட்டு தட்டினா சரியாயிடும். நம்ம வீட்டுப் பாக்குவெட்டியும் இதே தத்துவம்தான், ஒரு ஆணி ரெண்டு துண்டு. பாட்டி காலத்துப் பாக்குவெட்டி இன்னும் வெட்டுதுன்னா, கெட்டுப்போறதுக்கு அதுல எதுவும் இல்லைங்கிறதுதான் காரணம்.

17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல முதுகுல ஒரு பட்டை ஸ்பிரிங் சேர்த்தாங்க. விரிச்சா விரிச்ச இடத்துல, மடக்கினா மடக்கின இடத்துல டப்புன்னு நிக்கும். ஒரு விஷயம் கவனிங்க, இது நிக்கும், பூட்டிக்காது. எதிர்ப்பக்கம் அழுத்தினா மடங்கிடும்.

விலை எப்படிக் குறைஞ்சுது?

கத்தியில காசு எரும்புல, அதாவது எஃகுல இருக்கு. அந்தக் கதையில நம்ம ஊர் ரெண்டு தடவை வருது.

தென்னிந்தியாவுல மூசையில (அதாங்க, மண் குடுவை) வெச்சு உருக்கின எஃகு உலகப் பிரசித்தம். உருக்கு, உக்குங்கிற சொல்தான் வெள்ளைக்காரன் வாயில 'ஊட்ஸ்' ஆச்சுன்னு சொல்லுவாங்க. ஈரோடு பக்கம் கொடுமணல் அகழாய்வுல இரும்பு உருக்கின உலைகள் கிடைச்சிருக்கு. 1790கள்ல பம்பாய்ல இருந்து ஊட்ஸ் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போச்சு. 1795ல ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வாசிச்சார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட்ங்கிற லண்டன் கத்திக்காரர் அந்த எஃகுல முதல்ல என்ன செஞ்சு பார்த்தார் தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! நல்ல எஃகுக் கத்திக்குச் சமமா வெட்டுச்சாம்.

ரெண்டாவது, ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸ் மாகாணத்துல கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். சேலம் இரும்புத்தாதுவை நம்பி 1830 வாக்குல பரங்கிப்பேட்டைல (போர்ட்டோ நோவோ) இரும்பு ஆலை ஆரம்பிச்சார். ஆலை லாபம் பார்க்கலை. ஆனா மனுஷன் இங்கிலாந்து திரும்பிப் போய் 1839ல ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்குற முறை. அதுவரைக்கும் விலை கூடின ஸ்வீடன் இரும்பையே நம்பிட்டு இருந்த ஷெஃபீல்டு, மட்டமான இரும்புலயும் நல்ல எஃகு செய்ய முடிஞ்சுது, விலை இறங்குச்சு. ஹீத்துக்கு நயா பைசா பிரயோஜனம் இல்லை. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு 1851ல செத்துப் போனார். சாதாரண ஆள் சட்டைப் பைக்கு நல்ல எஃகு வந்ததுல பரங்கிப்பேட்டைல கையைச் சுட்டுக்கிட்ட இவருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரே பத்து வருஷம், மூணு கத்தி

1890கள்ல உலகத்தோட மூணு மூலைல மூணு மலிவுக் கத்தி பிறந்துச்சு.

பிரான்ஸ்ல சவாய் மலைப்பகுதியில ஜோசப் ஒப்பினெல், 1890. விவசாயிகளுக்காகச் செஞ்ச கத்தி. மரப்பிடி, பிளேடு, ஆணி, ஒரு இரும்பு வளையம், ஆக மொத்தம் நாலே உறுப்பு. 1897ல 1ல இருந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு சைஸ் கொண்டு வந்தாங்க. 1955ல திருகிப் பூட்டுற ஒரு வளையம் சேர்ந்துச்சு, அஞ்சு உறுப்பு. இன்னிக்கும் அதே டிசைன்தான்.

ஜப்பான்ல மிக்கி ஊர்ல ஹிகோனோகாமி. ஒரு தகட்டை மடிச்சா கைப்பிடி, ஒரு பிளேடு, ஒரு ரிவிட். பிளேடோட வால் வெளியே நீட்டிட்டு இருக்கும், அதைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சுக்கணும், அதான் லாக். பள்ளிக்கூடப் பசங்க பென்சில் சீவ ஆளுக்கொண்ணு வெச்சிருந்தாங்க.

சுவிட்சர்லாந்துல சிப்பாய்க் கத்தி, 1891. ராணுவத்துக்குத் தேவைப்பட்ட அளவுக்குச் செய்ய உள்ளூர்ல வசதி இல்லாம முதல் ஆர்டர் ஜெர்மனியோட சோலிங்கனுக்குப் போச்சு. கார்ல் எல்செனர்ங்கிறவர் வீம்புக்கு அதை உள்ளூர்லயே செய்ய இறங்கினார். 1897ல அவர் பதிவு பண்ணின ஆபீசர் கத்திதான் இன்னிக்கு நாம பார்க்குற சிவப்புக் கத்தியோட தாத்தா.

முதல் ரெண்டும் விலை குறைஞ்சதுக்குக் காரணம் உறுப்பைக் குறைச்சது. எஃகுல கை வைக்கலை. வெட்டுற இடத்துல காசைப் போட்டு, மத்த இடத்துல மிச்சம் பிடிச்சாங்க. மூணாவதுல உறுப்பு அதிகம், அதனால அதைத் துல்லியமாச் செஞ்சாங்க. விலையும் அதுக்கேத்த மாதிரி.

ராம்பூர் கதை

இந்தியாவோட மடக்குக்கத்தின்னா ராம்பூரி. உத்தரப் பிரதேசத்து ராம்பூர்ல நவாபுங்க காலத்துல இருந்து வந்த கைத்தொழில். பூட்டு உள்ள கத்தி, விரிக்கும்போது கடகடன்னு சத்தம் வரும். இந்தி சினிமா வில்லனுங்க கையில போய் பேர் கெட்டுச்சு. 1990கள்ல 4.5 அங்குலத்துக்கு மேல பிளேடு செய்யக்கூடாதுன்னு மாநில அரசு தடை போட்டுச்சு. தொழில் படுத்துடுச்சு, கைவினைஞர்கள் வேற பொழைப்புக்குப் போயிட்டாங்க. 2023ல அதே ராம்பூர்ல நாற்சந்தியில சுமார் இருபது அடி உயரத்துக்கு ஒரு கத்தியை நட்டு வெச்சிருக்காங்க. செய்யுற ஆள் குறைஞ்சு போச்சு, சிலை பெருசா நிக்குது.

ஜப்பான்லயும் இதே கதை. 1960கள்ல பசங்க கையில கத்தி வேணாம்னு இயக்கம் நடந்து, பட்டறைகள் ஒண்ணொண்ணா மூடி, கடைசியா அந்தப் பேருக்கு உரிமையுள்ள ஒரே பட்டறை நின்னுச்சு.

இன்னிக்கு பிளாட்பாரத்துல

அந்தக் காலியிடத்துல வந்து உக்காந்ததுதான் நம்ம ஜங்ஷன் கத்தி. இதுல பாதிக்கு மேல சீனாவோட யாங்ஜியாங் மாதிரி ஊர்கள்ல செய்ற டிசைனோட நகல், நகலோட நகல். சீனாக்காரன் நல்லா செய்ய மாட்டான்னு சொல்லலை. அதே யாங்ஜியாங்ல உலகத்தரக் கத்தியும் செய்றாங்க. பிரச்சினை வேற.

இந்தக் கத்தி விலை உயர்ந்த கத்தியோட தோற்றத்தை மட்டும் காப்பி அடிக்குது. லாக் இருக்கு, ஸ்பிரிங் இருக்கு, பதினோரு அயிட்டம் இருக்கு. ஆனா உள்ளே இருக்குற லாக் தகடு மெல்லிசு, பிளேடோட அடிப்பாகத்துல சரியா உக்காராது. லாக்கே இல்லாத கத்தியை எல்லாரும் பயந்து ஜாக்கிரதையா பிடிப்பாங்க. லாக் இருக்கிற மாதிரி காட்டுற கத்தியை நம்பி அழுத்துவாங்க. என் ரூம்மேட் ஒருத்தன் இப்படித்தான் இளநீர் மட்டையை நோண்டப் போய், லாக் வழுக்கி, ஆள்காட்டி விரல்ல நாலு தையல். ரெண்டு மாசம் எண்டர் கீயை நடுவிரலால தட்டிட்டு இருந்தான்.

இன்னொரு கொடுமை, பிளேடு மேல அலை அலையா கோடு போட்டு 'டமாஸ்கஸ்'னு விக்கிறாங்க. அசல் டமாஸ்கஸ் வாள் நம்ம பக்கத்து ஊட்ஸ் கட்டியில செஞ்சதுன்னு பேர் வாங்கினது. அந்தக் கோடு எஃகுக்குள்ள இருந்து வர்றது. இது மேல அச்சடிச்சது. நம்ம சரக்கோட பேரை நமக்கே டூப்ளிகேட்டா விக்கிறான்!

சரி, வாங்கலாமா?

வாங்கலாம். மலிவுல ரெண்டு ரகம் இருக்கு. எளிமையா இருக்கிறதால மலிவு ஒண்ணு, பகட்டை நகல் எடுத்ததால மலிவு இன்னொண்ணு. முதல் ரகம் 2500 வருஷமா வேலை செய்யுது. ரெண்டாவதை விட்டுடுங்க.

கடையில பார்க்க வேண்டியது:

1. உறுப்பை எண்ணுங்க. ஒரு பிளேடு, ஒரு பிடி, ஒரு ரிவிட் இருந்தா நல்லது. நூறு ரூபாய்ல பதினோரு அயிட்டம்னா ஒவ்வொண்ணும் ஒன்பது ரூபாய் சரக்கு.

2. விரிச்சு இடம் வலமா ஆட்டிப் பாருங்க. புதுசுலயே ஆடினா வேணாம்.

3. லாக் இருந்தா, விரல் எதுவும் பிளேடு பாதையில இல்லாம பிடிச்சுக்கிட்டு, பிளேடோட முதுகை மேஜையில அழுத்துங்க. மடங்கினா அது லாக் இல்லை, அலங்காரம்.

4. துரு பிடிக்கிற கார்பன் எஃகுன்னா பயப்படாதீங்க. மாங்காய் வெட்டினா கறுக்கும், துடைச்சு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினா போதும். சாணைக்கல்லுல சீக்கிரம் கூர் ஏறும்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. ஆயுதச் சட்டம் (1959) கீழ வர்ற விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள பிளேடு ஆயுதக் கணக்குல வருது. வீட்டு வேலை, விவசாய வேலைக் கத்திக்கு விலக்கு உண்டு. டெல்லியில 1980ல வந்த அறிவிக்கையில அளவு இன்னும் சின்னது, 7.62 செ.மீ. அதனால மூணு அங்குலத்துக்குள்ள வாங்குறது உத்தமம். விமானத்துல கைப்பையில வெச்சிட்டுப் போய் செக்கிங்ல தாரை வார்க்காதீங்க.

நண்பருக்கு இவ்வளவையும் சொன்னேன். "அப்போ பென்சில் சீவ, பார்சல் பிரிக்க, ஆப்பிள் நறுக்க ஒரு மரப்பிடி கத்தி போதும்னு சொல்லுங்க, அதுக்கு எதுக்கு ரோமாபுரி வரைக்கும்?" அப்படின்னார். அதுவும் சரிதான் :-)

டிஸ்கி: வீட்டுல குழந்தைங்க இருந்தா மடக்குக்கத்தியையும் மருந்து மாதிரி எட்டாத உயரத்துல வைங்க. மடக்கினா கத்தி இல்லைன்னு ஆயிடாது.